உயிரோடு இருப்பவர்களுக்கான நல்ல சொற்கள்

என் பிரியமுள்ள அக்கா, வாயாடி சிவகாமிக்கு,

இந்தப் பட்டத்தோடு உன்னைக் கூப்பிடுவதற்கு நீ கோபித்துக்கொள்வாயோ என்னவோ. நான் பேச, நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் சந்தர்ப்பம் எனக்கு இப்படித்தான் வாய்த்திருக்கிறது. அதை நழுவவிட மனமில்லை.

நீ போய் இந்த மாதத்தோடு மூன்று வருடம். வழக்கமாக நினைவஞ்சலி அட்டையில் இந்த இடத்தில் ஒரு படமும், கீழே 'பண்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே' என்று நாலு வரியும் போடுவார்கள். அந்த நாலு வரி என் கடைக் கம்பியூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். உன் கருமாதிக்கு அடித்த அட்டையிலும் அதுதான் இருந்தது. நீ சிகரமும் இல்லை, உறைவிடமும் இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் இந்த வருடம் கடிதம்.

ராகலை பஜாரில் என் கடை இன்னும் அப்படியே இருக்கிறது. போட்டோ கொப்பி எடுப்பதையும் லேமினேட் செய்வதையும் விட்டால், எனக்குச் சோறு போடுபவை இரண்டு. ஒன்று மரண அறிவித்தல். மற்றது வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகளின் பயோடேட்டா. முதலாவது தமிழில், இரண்டாவது ஆங்கிலத்தில். இரண்டுக்கும் ஒவ்வோர் அச்சு வைத்திருக்கிறேன். ஆங்கில அச்சில் உள்ள குணங்கள்: ஹார்ட்வேர்க்கிங், பங்ச்சுவல், டைனமிக், டீம் பிளேயர். இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு மனுப்போட்ட ஒருவர்கூடச் சோம்பேறியாகவோ நேரம் தவறுகிறவராகவோ இருந்ததில்லை. என் கம்பியூட்டரே அதற்குச் சாட்சி.

ஆக, நம் ஆட்கள் உயிரோடு இருக்கும்போது ஆங்கிலத்தில் நல்லவர்கள். செத்த பிறகு தமிழில் நல்லவர்கள். உயிரோடும் தமிழிலும் இருக்கிற நேரத்தில்தான் சிக்கல். ஒரு பிள்ளையை முகத்துக்கு நேரே நல்லது என்று சொன்னால் கண்ணு பட்டுவிடும். ஆகவே பாசம் கூடக் கூடத் திட்டும் கூடும். நம் லயத்து வரிசை வீடுகளில் யார் யாரை அதிகம் நேசிக்கிறார்கள் என்று அறிய, காலையில் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

சரி, உன் மகள் கதைக்கு வருகிறேன்.

துளசி உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, நுவரெலியாவில் ஆங்கில வகுப்புக்கும் போய் வந்தாள். பிறகு அங்கேயே ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலைக்கு மனுப்போட்டாள். பயோடேட்டா யார் அடித்தது என்று கேட்காதே. இதற்கிடையில் உன் புருஷன், என் மச்சான், கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் அவளுக்கு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். ஹோட்டல் வேலை கிடைக்காவிட்டால் அவள் கொழும்புக்குப் போக வேண்டும். அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. மச்சானுக்கும் விருப்பமில்லை. ஆனால் அவர் எதையும் விருப்பப்பட்டுச் செய்து நான் பார்த்ததில்லை. நீ இருந்தவரை 'அவ இஷ்டம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ இல்லாமல் அந்த இஷ்டத்துக்கு ஆதரவாக ஒரு குரல் குறைந்துவிட்டது. அதுவும் உன் குரல்.

இன்டர்வியூவில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கேட்பார்களாம். வகுப்பு டீச்சர் மனிதர்களின் குணத்தைச் சொல்ல ஒரு பக்கம் நிறைய ஆங்கிலச் சொற்கள் கொடுத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் லயத்தில் உன் வீட்டுக் காம்பராவில் உட்கார்ந்து துளசி ஒவ்வொன்றாகக் கேட்பாள், நான் அர்த்தம் சொல்வேன். அடுத்த காம்பரா லெச்சுமி அக்கா வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அபிப்பிராயம் உண்டு.

"மாமா, அம்பிஷியஸ்னா என்னா?"

"முன்னுக்கு வரணும்னு நெனைக்கிறவங்க."

"பேராசக்காரி," என்றார் லெச்சுமி அக்கா.

"அவுட்கோயிங்?"

"எல்லாரோடயும் கலகலன்னு பழகுறவங்க."

"ஊர்சுத்தி."

"கான்ஃபிடன்ட்?"

"தன்மேல நம்பிக்கை உள்ளவங்க."

"திமிரு. இதுக்கா தம்பி காசு கட்டிப் படிக்கிறா? இங்க வந்தா சும்மாவே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"ஈசிகோயிங்?"

"எதுக்கும் பதறாம இருக்கிறவங்க."

லெச்சுமி அக்கா கட்டிலில் சாய்ந்திருந்த மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் என்னாங்க பண்ணேன்?" என்றார் மச்சான்.

"அதத்தான் பாக்குறேன்."

இப்படியே போய் அசர்டிவ் என்ற சொல்லில் வந்து நின்றோம். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "தனக்கு வேண்டியத, அடுத்தவங்கள நோகடிக்காம, பயப்படாம நேராக் கேக்குறவங்க."

லெச்சுமி அக்கா வெற்றிலையை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். பிறகு சொன்னார்: "அது ஒங்கம்மா, புள்ள." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "நோகடிக்காமன்னு மாமன் சொன்னாரே, அது மட்டும் கொஞ்சம் இடிக்கிது," என்றார்.

அக்கா, உனக்கு ஞாபகம் இருக்கும். விடிகாலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நின்று, "கொழுந்து மலையில பொம்பளைங்களுக்கு கக்கூஸ் எங்கங்க ஐயா?" என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டாய். மறுநாளும் கேட்டாய். அதற்கு மறுநாளும். அவர் உன்னைக் கண்டாலே பார்வையை வேறு பக்கம் திருப்பப் பழகிக்கொண்டார். லயத்தில் உனக்கு வெட்கங்கெட்டவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை முதலில் வைத்தது லெச்சுமி அக்காதான். கடைசியில் மலை வளைவில் தகரத்தில் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் முதலில் போனதும் லெச்சுமி அக்காதான்.

அன்றைக்கு இரவு அந்தப் பக்கத்தை நான் மறுபடி வாசித்தேன். அவுட்ஸ்போக்கன் என்றால் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவர், டிட்டர்மின்ட் என்றால் நினைத்ததை விடாதவர், ஃபியர்லெஸ் என்றால் பயமற்றவர். லயத்தில் உன்னைத் திட்டிய திட்டெல்லாம் அதில் வரிசையாக நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றன.

இன்டர்வியூ அன்று நுவரெலியாவில் தூறலும் குளிரும். நான் கேட் அருகில் குடையோடு நின்றேன். வந்திருந்த பிள்ளைகளில் துளசியைத் தவிர ஐந்து பேர். ஐந்து பேரும் என்னைப் பார்த்து, "வணக்கம் அண்ணே" என்றார்கள். எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெருமை எங்கே போய் முடியும் என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் துளசி சொன்னாள்.

"அந்த மேடம் ஃபைல பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. 'காலையில இருந்து நீ ஆறாவது டைனமிக். ராகலைப் பக்கம் தண்ணியில ஏதாச்சும் கலந்திருக்கா'ன்னு கேட்டாங்க மாமா."

"நீ என்னா சொன்ன?"

"தண்ணி இல்ல மேடம், எங்க மாமான்னு சொன்னேன். அவர்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்சுக் குடுக்கிறாருன்னு."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அவரு எப்பிடிப்பட்ட ஆளுன்னு கேட்டாங்க. 'கைண்ட், பட் லேசி'ன்னேன். நல்லா சிரிச்சாங்க மாமா."

என் குணத்தை ஆங்கிலத்தில் ஒருவர் எடுத்துச் சொன்னது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. மூன்று சொல்லில் முடிந்துவிட்டது. திருத்துவதற்கு எதுவும் இல்லை.

"அப்ப நீ எப்பிடின்னாங்க. அந்தப் பக்கத்துல படிச்சது ஒண்ணும் வாயில வரல. 'வீட்டுல என்னைய வாயாடிம்பாங்க மேடம், கேக்க வேண்டியத கேட்டுருவேன்'னு சொல்லிட்டேன். 'எங்க, எங்கள ஒண்ணு கேளு பாப்போம்'னாங்க."

"கேட்டியா?"

"பின்ன? சாயங்கால வேலை பத்து மணிக்கு முடியுதுன்னு போட்டிருக்கு. அந்நேரம் ராகலைக்கு பஸ் இல்ல. பொம்பளப் புள்ளைங்க எப்பிடி மேடம் வீட்டுக்குப் போறதுன்னு கேட்டேன். பக்கத்துல இருந்த சார், 'அது நீங்கதான் பாத்துக்கணும்'னாரு. 'அப்ப டவுன்ல வீடு உள்ளவங்க மட்டும் வாங்கன்னு போட்டிருக்கலாமே சார்'னு சொன்னேன்."

அவள் கொழும்பு பஸ்ஸில் ஏறுவது என் கண்முன் தெரிந்தது. "இத வேலை கெடைச்சப்புறம் கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"கெடைச்சப்புறம் யாரு மாமா கேப்பா?"

அந்த முகம் உன் முகம். நான் ஒப்புக்கொண்டேன். உன்னிடம் தோற்றுப் பழகியவனுக்கு இதெல்லாம் சுலபம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை, அக்கா. போனை யார் தொட்டாலும் துளசி எழுந்து நின்றாள். மச்சான் அவளுக்கு ஒரு பயணப் பை வாங்கி வந்து, அதைப் பார்க்கப் பிடிக்காமல் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார் லெச்சுமி அக்கா. வழக்கமான சொற்கள்தான். ஆனால் அதில் வழக்கமான உற்சாகம் இல்லை.

போன் ஒரு காலை நேரத்தில் வந்தது. அந்த மேடமே பேசினார். துளசி சிங்களத்தில் "ஹரி மேடம், ஹரி மேடம்" என்று சரி சரி சொல்லிக்கொண்டே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வேலை கிடைத்துவிட்டது. என் மற்ற ஐந்து டைனமிக்குகளில் இரண்டு பேருக்கும் கிடைத்தது. இன்னொரு செய்தி: ராத்திரி வேலை முடிகிற பெண்களை ராகலைவரை கொண்டுவந்து விட ஹோட்டல் ஒரு வேன் போட்டிருக்கிறது. மேடம் மேலிடத்தில் பேசினாராம். இத்தனை காலமாக இதை யாரும் கேட்டதே இல்லையாம்.

லெச்சுமி அக்கா செய்தியைக் கேட்டுவிட்டுத் துளசியை மேலும் கீழும் பார்த்தார். "திமிரு புடிச்ச கழுத," என்றார். நாங்கள் காத்திருந்தோம். "கெட்டிக்காரி," என்றார். சொன்ன கையோடு, கண்ணு பட்டுவிடாமல் இருக்க மண்ணை எடுத்துச் சுற்றித் துப்பச் சொன்னார். உயிரோடு இருக்கிற ஒரு ஆளைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு நல்ல தமிழ்ச் சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். உன்னையும் அப்படிச் சொன்னார், அக்கா. ஆனால் அப்போது நீ சவப்பெட்டிக்குள் இருந்தாய்.

இப்போது துளசி தினமும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறாள். வேன் சந்திவரைதான் வருகிறது, லயத்துக்கு ஏறாது. டிரைவரிடம் அதைப் பற்றியும் கேட்கத் தொடங்கிவிட்டாள் என்று கேள்வி. பயணப் பையில் மச்சான் வெங்காயம் வைத்திருக்கிறார். போன வாரம் அவளுடைய மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அதில் 'அவுட்ஸ்போக்கன்' என்று இருந்தது.

"மாமா, இது நல்லதா, கெட்டதா?"

எனக்குத் தெரியவில்லை. சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்போல. உனக்கு என்ன தோன்றுகிறது? வெள்ளைக்காரன் சொல்லிலும் பாதி புகழ்ச்சி, பாதி திட்டு என்று ஏதாவது இருக்குமா? அப்படியானால் நான் நினைத்ததைவிட லெச்சுமி அக்கா நல்ல ஆங்கிலம் பேசியிருக்கிறார்.

என் கடைச் செய்தி ஒன்று. ஆங்கில அச்சை அழித்துவிட்டேன். இப்போது பயோடேட்டா அடிக்க வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான்: "ஒங்கள வீட்டுல என்னான்னு திட்டுவாங்க?" முதலில் முழிப்பார்கள். பிறகு யோசிக்காமலே வரும். முந்தாநாள் டிரைவர் வேலைக்கு மனுப்போட ஒருவர் வந்தார்.

"மாட்டு வண்டிம்பாங்க அண்ணே. நான் ஓட்டுனா நடந்து போறவன் முந்திருவானாம்."

"இந்த மலை வளைவுல எத்தன தடவ அடிபட்டிருக்கீங்க?"

"அடிபடவா? ஒருக்காலும் இல்லண்ணே."

கேர்ஃபுல், பேஷன்ட் என்று அடித்து, கவனமானவர், பொறுமைசாலி என்று அர்த்தமும் சொல்லிக் கையில் கொடுத்தேன். அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நானா அண்ணே?" என்றார்.

ஆமாம் என்றேன். அதைத் தமிழிலும் சொன்னேன்: நிதானமான ஆள். அவர் உயிரோடுதான் இருந்தார். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆகையால் அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யாரையும் அச்சில் வார்க்க மாட்டேன், உயிரோடு இருப்பவர்களையும் சரி, போனவர்களையும் சரி. துளசியிடம் அவள் முகத்துக்கு நேரே, தமிழில், வாரத்துக்கு ஒரு நல்ல சொல்லாவது சொல்வேன். கண்ணு பட்டால் மண் சுற்ற லெச்சுமி அக்கா இருக்கிறார். உன் படத்துக்குக் கீழே இருந்த சிகரத்தையும் உறைவிடத்தையும் எடுத்துவிட்டேன். 'சிவகாமி, கேட்க வேண்டியதைக் கேட்டவள்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். அதிலும் குறை இருந்தால் எப்படியாவது வந்து சொல்லிவிடுவாய். எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நல்லவன், ஆனால் சோம்பேறியான
உன் தம்பி கணேசன்