அம்மா பொம்மையின் வாய்

20, புதன்

அம்மா பொம்மைக்கு வாய் மட்டும் இன்னும் வைக்கவில்லை. மற்றதெல்லாம் முடிந்தது. காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை.

ஞாயிறு அண்ணன் கல்யாணம். மண்டப வாசல் மேசையில் வைக்க, கம்பளிப் பஞ்சை ஊசியால் குத்திச் செய்கிற பொம்மைக் குடும்பம்: அண்ணன், அண்ணி, நைனா, அம்மா, நான். தோல் நிறம் என்று போட்டு விற்கிற பஞ்சு வெளிர் ரோஸ். எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. இரண்டு பழுப்பைச் சேர்த்து, நாய்க்கு வாருகிற சீப்பால் வாரிக் கலந்தேன்.

நைனா தன் பொம்மையைத் தூக்கிப் பார்த்தார்.

"மூக்கு இன்னாடி, ராஜகிரி மல கணக்கா வச்சிக்கீற?"

"இருக்கறதத்தான நைனா வச்சேன்."

வாங்க: பிளேடு, மெல்லிய ஊசி, மோர் மிளகாய்.

21, வியாழன்

ஊசி இரண்டு முறிந்தது. பத்து முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை.

போன வருஷம் அம்மாவுக்கு முகவாதம். மற்றதெல்லாம் சரியாகிவிட்டது, இடது உதட்டோரம் மட்டும் மேலே ஏறவில்லை. நிச்சயதார்த்தப் போட்டோ ஒன்றிலும் அவள் இல்லை. கல்யாண மேடைக்கும் வரமாட்டாளாம். "நீங்க நின்னுக்கோங்க. நான் பந்திய பாத்துக்கறேன்."

குத்தக் குத்தப் பஞ்சு உள்ளே போய்க் கெட்டியாகும். உதடு ஒரு கோடுதான். ஓரத்தில் நாலு குத்து கூடினால் முகமே வேறு.

நேராக வைத்தேன். இரண்டு ஓரமும் சமம். அன்பா, கோழைத்தனமா, தெரியவில்லை.

22, வெள்ளி

அவலூர்பேட்டையிலிருந்து அத்தை வந்துவிட்டாள். ஒவ்வொரு பொம்மையாக யாரென்று சொன்னாள். நைனாவின் மூக்கைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா பொம்மையில் நின்றாள்.

"இது யாரு, பொண்ணோட அம்மாவா?"

அம்மா ஈரக் கையோடு வந்து வாங்கிப் பார்த்தாள்.

"நான்தான்க்கா. மூஞ்சிய பாக்காமயே செஞ்சிருக்கா."

உண்மை. ஒரு வருஷமாக அவள் பேசும்போது நான் நெற்றியைத்தான் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கு அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாத்து செய்யி. அரை மணி நேரந்தான். அரிசி ஊறுது."

மேடையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன்.

"பேசாத. இங்க பாரு."

பார்த்தேன். இடது ஓரம் நான் நினைத்திருந்த அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. கீழே ஒரு சின்னக் குழி, அதை நான் அறிந்திருக்கவே இல்லை.

கெட்டியான பஞ்சைத் திருத்த முடியாது. பிளேடால் அந்த நேர்க்கோட்டை வெட்டி எடுத்தேன். புதுப் பஞ்சு வைத்து, இடது ஓரத்திலிருந்து குத்த ஆரம்பித்தேன்.