கேசட் திருப்பின நேரத்தில் வாசித்தது

என் பங்காளி லூர்து,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் கச்சேரி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் இந்நேரம் மேடைக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பாய். இல்லையென்றால் ஏன் இல்லை என்று யாருடனாவது மல்லுக்கு நின்றுகொண்டிருப்பாய். எதுவானாலும் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். உன் தங்கை ஜெயமேரிக்குப் போன புதன்கிழமை கல்யாணம் முடிந்தது. முடிந்தது என்று நான் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்குள் நான் பட்ட பாடு முழுக்க உன்னால் வந்தது.

செத்தவனைத் திட்டாதே என்கிறாள் என் அம்மா. திட்டாமல் உன்னிடம் நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்?

நம் கோஷ்டியைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவோ மாதா திருநாளோ, மாணிக்கம் அண்ணன் குழுவின் கச்சேரி எங்கே நடந்தாலும் உறுவையாற்றிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பாட்டுக் கேட்க இல்லை. பாட்டுதான் ரேடியோவிலேயே வருகிறதே. எல்லாக் கச்சேரியிலும் அவர்கள் பாடுகிற படகுப் பாட்டு ஒன்றில் இரண்டாவது சரணம் முடிந்ததும் பாடகர் மைக்கை விட்டு நகர்ந்துகொள்வார். மாணிக்கம் அண்ணன் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் புறப்படுவார். எங்கே போவார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. நேற்று போன வழியில் இன்று போகமாட்டார். அதைக் கேட்கத்தான் போனோம்.

அதற்கு மேய்ச்சல் என்று பேர் வைத்தவன் நீ. டிரம் தட்டுகிற ஜான் கையில் இருப்பது கயிறு. சுற்றிவிட்டுத் திரும்பப் பாட்டுக்குள் நுழைகிற இடம் பட்டி. பட்டிக்கு வந்து சேரும்வரை ஒருத்தரும் கை தட்டக் கூடாது, விசில் கூடாது. தெரியாத ஆள் தட்டிவிட்டால் நீ முறைக்கிற முறைப்பில் அவன் கையை மடியில் வைத்துக்கொள்வான்.

மறுநாள் காலையில் வில்லியனூரில் தவமணியின் சைக்கிள் கடையில் பஞ்சாயத்து. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் பாவம், டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"நேத்து மண்ணாடிப்பட்டுல கரும்புக்குள்ள பூந்துட்டாருப்பா. வெளிய வர வயி தெரியாம தவிச்சாரு" என்பான் தவமணி.

"தவிச்சாரா? இன்னும் கொஞ்சம் மேயலாம்னு நின்னாருடா. காது கீதா உனுக்கு?" என்பாய் நீ.

அப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உன் பெரியப்பா லீவில் வந்து அந்த டேப் ரெக்கார்டரை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. "மேய்ச்சல கட்டிப்போடாதடா" என்றேன். "பொறாமையில பேசற" என்றாய். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை விடு.

பாகூர்த் திருவிழாவில் மேடைக்கு அடியில் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாய். அன்றைக்கு அண்ணன் வாசித்த மாதிரி நாம் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அவர் நடு மேய்ச்சலில் இருந்தபோது உன் கேசட் டக்கென்று நின்றது. நீ தலையைக் குனிந்து அதைப் பிடுங்கி, திருப்பிப் போட்டு, பட்டன் அமுங்காமல் கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடி அமுக்கி நிமிர்ந்தபோது அவர் வேறெங்கோ இருந்தார். நடுவில் போனதை நாங்கள் எல்லாரும் கேட்டோம். ரெக்கார்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நீ ஒருவன்தான் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்த கூத்து உனக்கே தெரியும். தவமணி அந்தக் கேசட்டின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரதி எடுத்து ஊர் ஊராகக் கொடுத்தான். பண்டசோழநல்லூரில் டீக்கடையில் ஓடியது, டிராக்டரில் ஓடியது. பாகூர்ப் பக்கமே வராத பையன்கள் அதை மனப்பாடம் பண்ணினார்கள். நீ கேசட் திருப்பின இடத்தில் வாத்தியம் வெடுக்கென்று அறுந்து வேறிடத்தில் தொடங்குகிறதல்லவா, அதையும் அண்ணனே வாசித்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்கு 'வெட்டு' என்று பேர் வேறு. மண்ணாடிப்பட்டில் அண்ணன் புது வழியில் மேயப்போக, கூட்டம் எழுந்து நின்று, "வெட்டு எங்கய்யா? வெட்ட வாசி" என்று கத்தியது. ஒரு கல்லும் வந்து விழுந்தது. அன்றிலிருந்து அவர் டேப்பில் இருப்பதைத்தான் வாசித்தார். வெட்டுகிற இடத்தில் ஜான் கையை நிறுத்துவான், அண்ணன் மூச்சை நிறுத்துவார், பிறகு இரண்டு பேரும் அந்தப் பக்கத்தில் குதிப்பார்கள். விசில் கூரையைப் பிய்க்கும். நமக்கோ வயிறு எரியும்.

நீ மஞ்சள் காமாலையில் படுத்தபோதுகூட இதே நினைப்புதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாக, "பங்காளி, அந்த நடுவுல இன்னாதான்டா வாசிச்சாரு, ஒயுங்கா சொல்லு" என்றாய். நான் பாடிக் காட்டினேன். தவமணி வேறு மாதிரி பாடினான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். ஜெயமேரி உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நீ சிரித்தாய். மறு வாரம் நீ இல்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

சாமியாரிடம் கல்யாண ஓலை எழுதின அன்றே ஜெயமேரி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மெலிந்திருந்தாள். உன் டேப் அவள் தலைமாட்டில் இருந்தது. தினமும் அதைப் போட்டுக் கேட்காமல் தூங்குவதில்லை என்று உன் அம்மா சொன்னார்கள்.

"அண்ணே, மாணிக்கம் அண்ணன் வந்து வாசிக்கணும். டேப்புல எப்பிடி கீதோ அப்பிடியே. ஒண்ணுகூட மாறக் கூடாது. மாறுச்சின்னா மேடைய வுட்டு எறங்கிடுவன், மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இன்னா நெனச்சாலும் சரி."

நேராக மாணிக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே துடைத்து முடித்தார்.

"வாசிக்கிறன் கலியா. லூர்துக்காக வாசிக்கிறன். அதோட பொட்டிய மூடிடுவன்."

"இன்னாண்ணே இப்பிடி சொல்றீங்க?"

"நான் வாசிச்சத நானே காப்பி அடிச்சிகினு கீறன். விரலு பாட்டுக்கு ஓடுது, நான் சும்மா நிக்கிறன். போதும்பா. இதான் கடைசி."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், துடைத்ததைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே. திரும்பி உன் வீட்டுக்கு ஓடினேன். ஜெயமேரியிடம் உள்ளதைச் சொன்னேன். இதை வாசிக்கச் சொன்னால் அவர் இனிமேல் எதையுமே வாசிக்கமாட்டார் என்றேன்.

அவள் என்னை ஏறெடுத்துப் பார்த்தாள். "அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? அவுருக்குக் கச்சேரிதான் போவுது. எனுக்கு அண்ணன் இல்ல."

பதில் இருக்கிறதா உன்னிடம்? ஒன்று அவள் மனசு உடையும், இல்லையென்றால் மாணிக்கம் அண்ணனின் வாசிப்பு நின்றுபோகும். நடுவில் நான், பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டு. போதாக்குறைக்குத் தவமணி வந்து, அண்ணன் ஏதாவது மாற்றி வாசித்தால் மைக் ஒயரைப் பிடுங்கச் சொல்லி நம் பையன்களை நிறுத்தியிருப்பதாகச் சொன்னான். "கல்யாணப் பொண்ணு கண்ணுல தண்ணி வரக் கூடாது, அவ்ளோதான்" என்றான். அவனை அறையலாம் போல இருந்தது. அவனும் உன்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறான் என்பதால் விட்டுவிட்டேன்.

காலையில் மாதா கோயிலில் பூசை, தாலி, எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் வெயில் தாழக் கோயில் மைதானத்துப் பந்தலில் கச்சேரி. நான் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. மாப்பிள்ளையும் ஜெயமேரியும் மணமேடை நாற்காலியில். எதிர்ப் பக்கத்தில் குழு. ஒயர் போகிற வழியில் தவமணியின் ஆட்கள். படகுப் பாட்டைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது சரணம் முடிந்தது. பாடகர் நகர்ந்தார். அண்ணன் ஆரம்பித்தார். அப்படியே, லூர்து. உன் கேசட்டேதான். எங்கே இழுப்பார், எங்கே கொஞ்சுவார் என்று பந்தலில் பாதிப் பேருக்குத் தெரியும், அவர் போகிறதுக்கு முன்னாலேயே தலை ஆடுகிறது. ஜெயமேரி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமே இல்லை. வெட்டு வரும், குதிப்பார்கள், அந்தப் பக்கம் முடியும், பெட்டி மூடும். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டு வந்தது. ஜான் கையை நிறுத்தினான். விசிலடிக்கப் பையன்கள் வாயில் விரலை வைத்துவிட்டார்கள். அண்ணன் குதிக்கவில்லை.

நின்றார். ஜான் அவரைப் பார்க்கிறான், அவர் எங்கேயும் பார்க்கவில்லை. பிறகு நிறுத்தின அதே சுரத்தை மெதுவாக எடுத்தார், வாசலில் நிற்கிறவர் உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. எடுத்து, அதிலிருந்து கீழே இறங்கினார். டேப்பில் அந்த வழி கிடையாது.

ஜெயமேரி கண்ணைத் திறந்தாள். எழுந்து நின்றாள். உன் அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்கள், மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் விழிக்கிறார். தவமணி எழுந்து, "அண்ணே, டேப்புல இல்லாதது அது" என்று கத்திவிட்டு ஒயர்ப் பக்கம் கையைக் காட்டினான். ஒருத்தன் குனிந்தே விட்டான். அண்ணன் வாசிப்பை விடவில்லை, ஆனால் கண்ணை ஜெயமேரி மேல் வைத்திருந்தார். அவள் இறங்கியிருந்தால் நிறுத்தியிருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

"ஒயர தொடாத" என்றாள் உன் தங்கை. உரக்கக்கூடச் சொல்லவில்லை. "வாசிக்கட்டும். எங்க அண்ணன் கேக்காத எடம் அது."

குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் உட்காரவில்லை. மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டே கேட்டாள். ஜான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்ட ஆரம்பித்தான், கயிற்றை எவ்வளவு விடுவது என்று தெரியாத பயத்தோடு. அண்ணன் முகத்தில் வியர்வை கொட்டியது. எங்கேயோ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார், நிஜமாகவே மாட்டிக்கொண்டார், இரண்டு தரம் முட்டி மூன்றாவது தரம் ஒரு சந்து கண்டுபிடித்து வந்தார். உன் கேசட்டின் அடுத்த பக்கத்துக்கு அவர் போகவே இல்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து நேராகப் பாட்டுக்குள் நுழைந்தார். பட்டிக்கு வரும்வரை ஒருத்தரும் கை தட்டவில்லை. உன் சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவர்களுக்குத் தட்டத் தோன்றவில்லை. அப்புறம் தட்டினார்களே, அது பெரிய சத்தம். நான் தட்டவில்லை. வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

அண்ணன் பெட்டியைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பாகூரில் அடுத்து எப்போது என்று ஜானிடம் விசாரித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வண்டி ஏறுமுன் ஜெயமேரி என்னிடம் வந்து கேட்டாள். "அண்ணே, பாகூர்ல வாசிச்சது இதானா?"

தவமணி முந்திக்கொண்டு, "இதேதாம்மா, அச்சு அசல்" என்றான். அவள் என்னையே பார்த்தாள். அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்றேன். பாகூரில் வாசித்தது வேறு. அது அண்ணனுக்கே நினைவில்லை, எங்களில் ஒருத்தருக்கும் ஒழுங்காக நினைவில்லை, அது போய்விட்டது.

"சரி. எங்க அண்ணன் கேட்டா, தங்கச்சி வேற ஒண்ணு கேட்டுதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று சைக்கிள் கடையில் மறுபடி பஞ்சாயத்து நடந்தது. அண்ணன் மாட்டிக்கொண்டாரா, வேண்டுமென்றே நின்றாரா என்று தவமணிக்கும் எனக்கும் கைகலப்பு ஆகாத குறை. போட்டுக் காட்டி வாயை அடைக்க டேப் இல்லை. யாரும் பதியவில்லை. உன் ரெக்கார்டர் சீர்ச் சாமானோடு மூட்டைக்குள் இருந்தது. உன் இடம் மட்டும்தான் காலி. நீ இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையுமே செவிடன் என்றிருப்பாய்.

அடுத்த கச்சேரி பாகூரில். மேடைக்கு அடியில், நீ குந்துகிற இடத்தில், வெறுங்கையோடு நான் உட்காருவேன். மறுநாள் காலையில் கடைக்குப் போகுமுன் உன் கல்லறைக்கு வந்து, அண்ணன் போன வழி முழுவதையும் உனக்குப் பாடிக் காட்டுவேன். இனி ஒவ்வொரு கச்சேரிக்கும் இப்படித்தான், இது சத்தியம். தப்பாகத்தான் பாடுவேன். நீ எழுந்து வந்து திருத்தமாட்டாய் என்று தெரிந்தும் பாடுவேன்.

உன்னோடு பிறக்காத பங்காளி,
கலியபெருமாள்
உறுவையாறு