சுவரில் சாய்ந்த தலை

ஜூன் 9

அடி சின்னவளே,

சௌக்கியமா? நான் இருமிக்கொண்டே சௌக்கியம். பூஞ்சைகளுக்குப் பேர் வைக்கிற வேலையில் கூடப்பிறந்தவள் பேரே மறந்துபோயிற்றா?

அம்மா கட்டிலை ஒட்டிய சுவரில், அவள் எப்போதும் தலை சாய்க்கும் இடத்தில், ஒரு கறை. நெற்றி, மூக்கு, கொண்டை எல்லாம் அப்படியே அம்மா. அவள் போனபின் இரண்டு முறை வெள்ளையடித்தேன், திரும்ப வந்துவிட்டது. அவள் வாசனையும் அடிக்கிறது. இப்போது அங்கேதான் படுக்கிறேன். கொஞ்சம் சுரண்டி உறையில் வைத்திருக்கிறேன், என்னவென்று பார்த்துச் சொல்.

அக்கா

ஜூன் 27

என் அக்கா,

கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். புகை நிறப் பொடி. பைப்பூஞ்சை இனம். இந்த இனத்தில் குட்டிப் பைக்குள் வித்துகள் இருக்கும், பெரும்பாலும் எட்டு; ஒரே போர்வைக்குள் எட்டுப் பிள்ளைகள் மாதிரி. இது மட்டும் பையை லேசில் காட்டாது, பொடியைத் தூவிக்கொண்டே இருக்கும். பை கண்ணில் படும்வரை இதன் சொந்தம் யாரென்றே எங்கள் துறைக்காரர்களுக்கே ரொம்ப காலம் சரியாகத் தெரியவில்லை.

அம்மாவின் தலையெண்ணெய் சுவரில் ஊறியிருக்கிறது, அதைத் தின்கிறது. ஆனால் அக்கா, அம்மாவின் சளியில் டாக்டர் கண்டதும் இதே வகைதான். மூச்சோடு போய் நுரையீரலில் குடியேறும். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த அறையை விட்டு வா. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவர்ப் பூச்சையே பெயர்த்துவிடச் சொல். டாக்டரைப் பார்.

சின்னவள்

ஜூலை 15

சின்னவளே,

குலம் கோத்திரம் எல்லாம் சொன்னாய், சரி. கொத்தனார் வந்தார். “இதுல என்னம்மா இருக்கு, ஒரு மணி நேர வேலை” என்றார். கதவைச் சாத்திவிட்டேன்.

வெயிலில் கறை மங்கியிருந்தது. ஈரத்துணியால் ஒற்றினேன். மறுவாரம் முகம் தெளிந்துவிட்டது. திட்டாதே. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா

ஜூலை 30

அக்கா,

நான் செத்தா போனேன்? அது அம்மா இல்லை, அம்மாவைத் தின்றது. உன்னையும் அதற்குக் கொடுக்க மாட்டேன். பதில் போடு.

சின்னவள்

ஆகஸ்ட் 18

சின்னவளே,

இருமலில் ரத்தம் வந்தது. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? பயந்து ஓடினேன். நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர். வைத்தியம் நடக்கிறது.

கொத்தனார் பூச்சைப் பெயர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போனார். அறையில் இப்போது ஒரு வாசனையும் இல்லை. வாசலில் உட்கார்ந்து அழுதேன். உன் தட்டு என்ன ஆயிற்று?

அக்கா

செப்டம்பர் 5

அக்கா,

பார்த்து முடித்த தட்டுகளை ஆவியில் வைத்துக் கொல்ல வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். மற்றதையெல்லாம் கொன்றேன். இதற்குக் கை வரவில்லை. நேற்று தனியாக இருந்தபோது மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

நீ சொன்னது நிஜம். அம்மா வாசனை. இத்தனை வருஷம் அவள் மடியில் நாம் மோந்ததே இதைத்தானா, அக்கா? தினமும் திறக்கத் தோன்றுகிறது.

சின்னவள்

செப்டம்பர் 20

அடி பாவி,

மூடு அதை! எனக்குச் சொன்ன புத்தி உனக்கு எங்கே போயிற்று? இன்றைக்கே ஆவியில் வை. அழுதுகொண்டே வை.

வைத்துவிட்டு லீவு போட்டு வா. என் தலைமாட்டில் படுத்துக்கொள். அம்மா வாசனை என்னிடம் இருக்காது. இருப்பதை மோந்துகொள்.

அக்கா