தேறாதவைக்கு ஒரு கட்டம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் "நலம், மீட்டிங்" என்று முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை.

எங்கள் லேபில் வழக்கம்போல நாள் முழுக்கப் பொருட்களை உடைப்பதுதான் வேலை. பிரஷர் குக்கர், ஹெல்மெட், குழந்தை நாற்காலி, எது வந்தாலும் நான் உடைக்கிறேன். உன் அத்தான் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷினை ஒட்டவைக்கிறார். "நல்ல ஜோடி பொருத்தம்" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்.

அவருக்கு உன் வேலைதான் புரியவே மாட்டேன் என்கிறது. "வாடிக்கையாளருங்க கேக்கிறாங்க, மச்சான் என்ன வேலை பாக்கிறான்னு. கமிட்டி செயலாளர்னு சொன்னா, எதுக்குக் கமிட்டின்னு கேக்கிறாங்க. நான் மெஷினுக்குள்ள தலையை விட்டுக்கிறேன்" என்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி எழுது. ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானிடம் இப்படிச் சொல். ஒரு பொருளை ஒரு நாட்டில் செய்கிறார்கள், இன்னொரு நாட்டில் சோதிக்கிறார்கள், மூன்றாவது நாட்டில் விற்கிறார்கள். கூடவே 'இது சோதனையில் தேறியது' என்று ஒரு காகிதம் போகிறது. அந்தக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டலாம். ஒவ்வொரு லேபும் தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவத்தில் எழுதுகிறது. துறைமுகத்தில் இருப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எல்லோரும் ஒரே வடிவத்தில், ஒரே கட்டங்களில் தகவலைப் பரிமாறிக்கொள்ளட்டும் என்பதுதான் எங்கள் வேலை. அது நடந்துவிட்டால் கடைக்காரர்கூடப் போனில் பார்த்து, சான்றிதழ் அசலா போலியா என்று சொல்லிவிடலாம்.

நல்ல சேதி: வரைவு முடிந்துவிட்டது. ஒரே ஒரு வருத்தம். நீ சொன்னாயே, 'தேறவில்லை' என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று, அது நிற்கவில்லை. தோற்ற சோதனை எங்கள் சொந்த விஷயம், அதை ஊருக்குச் சொல்ல முடியாது என்று தயாரிப்பாளர்கள் எழுந்தே போய்விடுவார்கள் போலிருந்தது. கடைசியில், சரி, அதை எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். உடனே எல்லோரும் இறங்கிவந்தார்கள். தலைவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பாப்பாவுக்கு முத்தம்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படி நேரா சொல்ல வேண்டியதுதானே!" என்று குதூகலமாகிவிட்டார். இனி தெருவெல்லாம் உன் புகழ்தான்.

ஆனால் அந்தக் கட்டத்தை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே சோதனையில் தோற்றவன் அதே மாதிரிப் பொருட்களை அள்ளிக்கொண்டு அடுத்த லேப் வாசலில் போய் நிற்கிறான். அவர்களுக்கு என்ன தெரியும்? நல்லதாக நாலு பொறுக்கிக் கொடுத்துத் தேறிவிடுகிறான். தினமும் நான் பார்க்கிற கூத்து இது.

நான் புலம்புவதைக் கேட்டு அத்தான் உன் பக்கம் பேசினார். "விடும்மா. அத்தனை பேரை ஒரு அறையில உக்கார வெச்சு ஒத்துக்க வெக்கிறது லேசுப்பட்ட காரியமா? நம்ம மூணு பேருக்கே டிவில எதைப் பாக்கிறதுன்னு ஒத்துவரல." அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உன் அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். அத்தானின் காரியம் முடிந்த கையோடு கிளம்பியிருக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் உன்னோடு இருந்திருக்க வேண்டும். டாக்சியில் ஏறும்போது பாப்பா அத்தானுடைய சட்டையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாளே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் "ஹெல்மெட் பட்டையை மாட்டாம வண்டி ஓட்டியிருக்கார், அதான் மோதினதும் கழண்டு விழுந்திருக்கு" என்று பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. "அப்பா கிளம்பும்போது கிளிப் போட்டாரு, எனக்குச் சத்தம் கேட்டுச்சு" என்று பாப்பா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. குழந்தை ஆறுதலுக்குச் சொல்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஏதாவது சாப்பிட்டாயா? எழுது.

தம்பி


மே 2

தம்பி,

அவர் கிளிப் போட்டிருந்தார்.

போலீஸ் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொக்கி மாட்டியபடியே இருக்கிறது. பட்டையை வெளிக்கூட்டோடு பிடித்திருக்கிற ரிவெட் ஆணி பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. எத்தனை ஹெல்மெட்டில் இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இதை மேஜைமேல் வைத்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை.

உள்ளே, எந்த வார்ப்பு அச்சில் செய்தது என்று காட்டும் முத்திரை இருந்தது. பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒத்துப்பார்த்தேன். போன வருஷம் இதே அச்சில் செய்த ஹெல்மெட், வேறு பெயரில், என் லேபுக்கு வந்திருக்கிறது. பட்டை சோதனையில் தேறவில்லை. கையெழுத்துப் போட்டவள் நான்தான். அந்த ரிப்போர்ட் தயாரிப்பாளர் கைக்குப் போனது, அத்தோடு சரி. வெளியே சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.

அத்தான் ஹெல்மெட்டில் வேறொரு லேபின் சான்றிதழ் எண் இருக்கிறது. அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். போலி இல்லை தம்பி, அசல். அவர்களிடம் கொடுத்த மாதிரி தேறியிருக்கிறது. அப்படியென்றால், உங்கள் புதிய சான்றிதழ் முறை அன்றைக்கே வந்திருந்து, கடையில் நின்று அவர் போனில் பார்த்திருந்தாலும், 'சரி' என்றுதான் காட்டியிருக்கும்.

வரைவுக்கு இன்னும் கருத்துக் கேட்கிறார்கள் என்று உங்கள் தளத்தில் பார்த்தேன். அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடு. உன்னிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். இப்போது அந்தக் கட்டத்தைத் தொட்டால் மொத்த ஒப்பந்தமும் சரிந்துவிடும். எத்தனையோ பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தது. இது நிறைவேறினால் போலிச் சான்றிதழ்களாவது நிற்கும், அதனாலேயே பல பேர் பிழைப்பார்கள். அடுத்த திருத்தத்தில் கட்டாயம் கொண்டுவருகிறேன். செயலாளர் என்பவன் பொதுவான ஆள். என் வீட்டுத் துக்கத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது முறையா, நீயே சொல்.

என்னைப் புரிந்துகொள் அக்கா.

தம்பி


மே 28

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வரைவின் மீது எனது ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பொருள் சோதனைப் பொறியாளர். லேபின் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று எங்கள் மேலாளர் சொல்லிவிட்டதால், தனி ஆளாக எழுதுகிறேன்.

தேறிய முடிவுகள் மட்டும் பரிமாறப்பட்டால், ஒரு லேபில் தோற்ற பொருள் இன்னொரு லேபில் புதிதாகப் பிறந்துவிடும். அப்படிப் பிறந்த ஒரு ஹெல்மெட்டை அணிந்து என் கணவர் இறந்துபோனார். அவர் பட்டையை மாட்டியிருந்தார். இதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

வரும் ஆட்சேபங்களைச் செயலாளர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று தங்கள் விதியில் இருக்கிறது. தாங்கள் இதை முழுவதும் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் மனைவி


ஜூன் 30

அக்கா,

'தாங்கள்' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

வாசித்தேன். 'என் கணவர்' என்ற இடத்துக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் ஒருவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். மீதியையும் வாசித்து முடித்தேன். எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

தலைவர் எல்லோரையும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார்கள். பிறகு வாக்கெடுப்பு. சிலர் உன் பக்கம் கை தூக்கினார்கள், போதவில்லை. வரைவு அப்படியே நிறைவேறியது. முடிவை அறிவிக்க வேண்டியது நான்தான். அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன் அக்கா. பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. தெரிந்து நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். மறைத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பதிலே இல்லை. கடிதம் வந்து சேரவில்லையோ என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் போன் செய்தேன். பாப்பா எடுத்தாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். "யாருடி?" என்று உன் குரல். "மாமா பேசறாரும்மா" என்றாள். குழாய் நின்றது.

"அம்மா வீட்ல இல்ல மாமா" என்றாள் குழந்தை. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"சரிடா கண்ணு, பரவாயில்ல. சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அவளை இன்னொரு தடவை பொய் சொல்ல வைக்க மாட்டேன். நீயாகக் கூப்பிடுகிறவரை நான் கூப்பிடப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி