மருந்து உள்ளே நிற்கும் வரை

மார்ச் 4
மூளையில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று என்ற நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. இவருக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தலையைக் குனிய முடியவில்லை. நீர் வடிய மண்டையில் வைத்த குழாயில் இன்று கலங்கலாக வருகிறது. மூளை உறையில் கிருமித் தொற்றாம்.

மார்ச் 7
கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. ஒரே ஒரு பழைய மருந்துக்குத்தான் அடங்குமாம்; சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தது. நரம்பில் ஏற்றினால் மட்டும் போதாது, குழாய் வழியாகத் தலைக்குள்ளேயும் விடுவார்களாம். "பொழைச்சிடுவாரா டாக்டர்?" என்றேன். "முயற்சி பண்றோம்மா." பொய் சொல்லாததற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மார்ச் 8
மருந்தை விட்டதும் குழாயை ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அதுவரை நீர் வடியாது, தலை வலி உயிர் போகிறது இவருக்கு. "திறந்து விடும்மா" என்று கெஞ்சியதும் நாத்தனார் குழாயை மூடியிருந்த திருகைத் திறந்துவிட்டாள்! பாதி மருந்து நீர் வடிகிற பைக்குள் போய்விட்டது. நர்ஸ் போட்ட சத்தம் போதாதென்று நானும் — "உன் பாசமே உன் அண்ணனைக் கொன்னுடும்டி." வராந்தாவில், எல்லார் முன்னாலும்.

மார்ச் 9
இன்று என் பெயரைச் சொல்லி அழுதார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் கை எப்போது திருகுக்குப் போனது? சத்தியமாகத் தெரியாது. நாத்தனார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள். "வேணாம் அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம்தான்." அழுதுகொண்டே சொன்னாள், பிடியை விடவில்லை. நேற்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புண்ணியவதி.

மார்ச் 16
நீர் தெளிந்து வருகிறது!

மார்ச் 27
கிருமி இல்லை. சிறுநீரகமும் தப்பித்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸிடமே சண்டைக்குப் போனார். அந்தப் பெண் சிரிக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 11
வீட்டுக்கு வந்தாயிற்று. அந்தத் தொற்றில் இவருக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது, இனி வராதாம். போகட்டும், ஆள் இருக்கிறார். "உன் பேச்சுக்கு ஒரு காது தாராளம்" என்கிறார், லொள்ளுக்குக் குறைச்சலே இல்லை. சாப்பிடும்போது கேட்கிற காதுப் பக்கம் நான்தான் உட்காருவேன். மத்தியானம் நாத்தனார் வந்தாள். எழுந்து அவளை அங்கே உட்காரச் சொன்னேன். நான் தட்டை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.