ஜோசஃபினை ஆனேக்கலுக்கு அனுப்ப மாட்டேன்

சேசு மரி சூசை துணை

பிளாக்பள்ளி,
பெங்களூர் தண்டு.
17 ஜூன் 1941

அன்புள்ள மகன் சிரிலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் ஆண்டவர் கிருபையால் சுகம். உன் பெண்சாதி ஜோசஃபின் சுகமில்லை. நீ பூனாவில் சுகமாக இருக்கிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆகையால் அதைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் மாமனார் மதலைமுத்து ஆனேக்கலிலிருந்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டு போக ஒரு ஜட்கா வண்டி வேறு. கையில் உன் கடிதம். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளையில்லை, எந்நேரமும் நோயாளி, வந்து அழைத்துப் போய் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே அந்த மனுஷனுக்கு எழுத உனக்கு என்ன துணிச்சல்? அவர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, எம் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணிச்சு, சொல்லுங்க, நான் கண்டிக்கிறேன் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜட்காக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரை உள்ளே இழுத்து உட்கார வைத்துச் சோறு போட்டேன். உங்கள் மகள் வைத்தியத்தில் இருக்கிறாள், இந்த வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டாள் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. உன் பெயரைக் காப்பாற்றுவதற்காக அந்த நல்ல மனுஷன் முன்னால் ஊமையாக நின்றேனே, அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். தெரியாதது போல் நடிக்காதே, நான் சொல்கிறேன் கேள். நீ கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து போன பிறகுதான் அவளுக்கு அடிவயிற்றில் வலி ஆரம்பித்தது. நீர் போகும்போது எரிச்சல், வெள்ளை, ராத்திரியானால் காய்ச்சல். நம் வீடுகளில்தான் தெரியுமே, பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், சூடு. உன் தங்கை நோரா வெந்தயம் ஊறவைத்துக் கொடு என்றாள், பக்கத்து வீட்டில் சோற்றுக் கற்றாழை என்றார்கள், நாங்களும் எண்ணெய் தேய்த்து முழுக்காட்டி இளநீராக வாங்கி ஊற்றினோம். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் குடித்தாள். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். அப்புறம்தான் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே கோமளம் என்று ஒரு டாக்டரம்மா, மல்லேஸ்வரத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். பிள்ளையில்லாமல் வருகிற பெண்களுக்கு உள்ளே என்ன நோய், எங்கிருந்து வந்தது என்று ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார். ஜோசஃபினைப் பரிசோதித்து, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி மையூற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். காப்பிக்கொட்டையைப் பிளந்து இரண்டு பாதியையும் எதிரெதிரே வைத்தது மாதிரி, ஜோடி ஜோடியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். சூடுமில்லை குளிர்ச்சியுமில்லை அம்மா, இது வெட்டை, இந்தக் கிருமி தானா வராது, இவள் புருஷன்கிட்டேருந்து வந்திருக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னார். கருக்குழாய் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றனவாம். மாத்திரை கொடுத்திருக்கிறார், கிருமி போய்விடுமாம், ஆனால் குழாய் அடைத்திருந்தால் அடைத்ததுதானாம், இனிப் பிள்ளை உண்டாகும் என்று சொல்வதற்கில்லையாம். உன் பெண்சாதி அதைக் கேட்டு அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அந்த டாக்டரம்மா செய்கிற இன்னொரு காரியத்தையும் கேள். புருஷன்மாரையும் சோதித்தால்தான் ஆராய்ச்சி முழுசாகும், வைத்தியமும் பலிக்கும் என்று சனிக்கிழமை காலையில் அவர்களை வரச் சொல்கிறார். மானம் போகக்கூடாதே என்று பின்பக்கத்துக் கேட்டைத் திறந்து வைத்து, வேப்பமரத்தடியில் பெஞ்சும் போட்டிருக்கிறார். நான் போகிற சனிக்கிழமையெல்லாம் பார்க்கிறேன், அந்தப் பெஞ்சில் ஒரு நாய்தான் படுத்துத் தூங்குகிறது. முன்வாசலிலோ பெண்கள் நிற்க இடமில்லை, வெயிலில் வரிசையாக, ஒவ்வொருத்திக்கும் வீட்டில் மலடி என்று பட்டம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அப்போதும் நான் பெற்ற பிள்ளை அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதற்கும் மண் விழுந்தது. உன்னோடு வேலை செய்கிற ரெமிஜியஸ் போன மாதம் நீலசந்திராவுக்கு லீவில் வந்தவன், நம் வீட்டுக்கும் வந்தான். சூதுவாது தெரியாத பையன். காப்பி குடித்துக்கொண்டே, சிரில் அண்ணனுக்கு நீர்க்கடுப்பு இப்ப தேவலையா பெரியம்மா, டிசம்பர்ல ஆஸ்பத்திரியில ஊசி போட்டப்ப டாக்டர் இன்னும் மூணு வாரம் இருக்கணும், அதுவரைக்கும் வீட்டுக்குப் போகாதேன்னாரு, அண்ணன்தான் கிறிஸ்மஸுக்குப் போயே தீருவேன்னு கிளம்பிட்டாரு என்றான். டாக்டர் சொல்லியும் வந்திருக்கிறாயே, பாவி. நடுச்சாமப் பூசையில் என் பக்கத்தில் முழந்தாளிட்டு நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கினாயே, அந்த நாக்கில் ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல வரவில்லையா? ஊருக்குத் திரும்பிப் போய் மிச்ச ஊசியைப் போட்டுக்கொண்டு உன் உடம்பைச் சரிசெய்துகொண்டாயோ என்னவோ. அவளுக்கு என்ன அனுப்பினாய்? ஒரு ஜெபமாலை. அதோடு அவள் அப்பாவுக்கு இந்தக் கடிதம்.

இதெல்லாம் எழுதுகிற விஷயமா செசிலி, போஸ்டில் யாராவது பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முனகுகிறார். பார்க்கட்டும். ஜோசஃபின்கூட இத்தனை நாளாக, அவருக்கு எழுதாதீங்க அத்தை, வேலை செய்யற இடத்துல மனசு ஒடிஞ்சு போவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உன் மனசு ஒடியக்கூடாதாம்! நானும் அவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் பேசாமலிருந்தேன். இப்போது அவளே பேசிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நோராவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளைக்கு மாமன் பெண்சாதிதான் ஞானத்தாய் என்பது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியாததில்லை. ஜோசஃபின் கையாலேயே தைத்த வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்கு வந்தாள். மாதா கோயில் வாசலில் வைத்து நோரா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை பெறாதவ கையில எப்படிம்மா குடுக்கறது, எங்க மாமியார் வீட்டுல முணுமுணுக்கிறாங்க, வேற யாரையாவது வச்சிக்கலாம் என்றாள். தனியாக என்றுதான் பெயர், எல்லோர் காதிலும் விழுந்தது. நான் வாயைத் திறக்குமுன் ஜோசஃபின் முன்னால் வந்தாள். சத்தம்கூட உயரவில்லை. நான் மலடி இல்ல நோரா, உங்க அண்ணன் எனக்கு வெட்டை குடுத்துட்டுப் போயிருக்காரு, அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடறேன், வேணும்னா டாக்டரம்மாவைப் போய்க் கேளு என்றாள். நோராவின் மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம் பார்த்துவிட்டுப் போகலாமென்று தங்கிய மதலைமுத்துவும் அங்கேதான் இருந்தார், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பிள்ளையைத் தூக்குவதால் ஒன்றும் ஒட்டாது என்று டாக்டரம்மாவிடம் நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன், அதை உரக்கச் சொன்னேன். நோரா அழுதுகொண்டே பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். சாமியார் தண்ணீர் ஊற்றியபோது அது வீறென்று கத்தியது, ஜோசஃபின் அசையாமல் ஏந்திக்கொண்டு நின்றாள்.

ஆகையால் பிளாக்பள்ளி முழுக்க இப்போது விஷயம் தெரியும். உன் மாமனாருக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுது. அங்கே நல்ல டாக்டராகப் பார்த்துச் சோதித்துக்கொள், மிச்சமிருந்தால் முழுசாக வைத்தியம் பண்ணிக்கொள், பாதியில் எழுந்து ஓடாதே. கோபத்தில் எழுதினாலும் நான் உன் தாய், தேவமாதா உன்னைக் கைவிடாமல் உனக்கு நல்ல புத்தி கொடுக்க வேண்டும் என்றுதான் தினமும் மன்றாடுகிறேன்.

வழக்கம்போல ஜோசஃபின் எழுத அடியில் இடம் விட்டு, பேனாவை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் அத்தை, நீங்களே எழுதிடுங்க என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. இல்லாட்டி வர வேணாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
செசிலி டொமினிக்