மங்களாவின் ஊசி

இராமநாதபுரம்
11-2-57

அன்புள்ள ராமலெட்சுமிக்கு,

மருதுபாண்டி எழுதுவது. இங்கு நான் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குல்சும் அக்கா சாவியைக் கொடுத்து, "புள்ளையக் கூட்டிக்கிட்டு கமுதி பஸ்ஸு ஏறிட்டா தம்பி" என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோபத்தைப் பிறகு பேசிக்கொள்வோம். மங்களாவுக்குத் தினமும் காலையில் இன்சுலின் போட்டாக வேண்டும். மருந்துப் புட்டியை நீ எடுத்துப் போயிருப்பதைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. வெயில் படாமல், ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் புட்டியைப் பதித்து வை. ஊசியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்க வை. கமுதியில் கம்பவுண்டர் இருக்கிறார், அவரிடம் போட்டுக்கொள். ஒரு நாளும் விடக்கூடாது. உடனே பதில் எழுது.

மருதுபாண்டி

----

கமுதி
15-2-57

அத்தானுக்கு, ராமலெட்சுமி வணக்கத்துடன்.

கடிதம் கிடைத்தது. புட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஊசியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒரு வரி இல்லை.

சொல்லாமல் வந்தது தப்புத்தான். அன்று காலை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அவள் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தாள். காலைப் பிடித்து இழுத்து, துண்டால் கையைக் கட்டி ஊசி போட்டீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பாவாடையோடு மூத்திரம் போய்விட்டாள். அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கிளம்புவதென்று முடிவு செய்தேன்.

இங்கே கம்பவுண்டர்தான் போடுகிறார். அவர் சைக்கிள் மணி கேட்டாலே மிளகாய்க் களத்துப் பக்கம் ஓடிவிடுகிறாள். நாலு பேர் பிடித்து வரவேண்டியிருக்கிறது. என்னைப் பெற்ற அய்யாவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்து ஊர் வைத்தியரை வரவழைத்தார். ஆவாரம்பூக் கஷாயத்தில் சரியாகிவிடும், ஊசி போடப்போட உடம்பு அதற்கே பழகிப்போகும் என்று அவர் சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ராமலெட்சுமி

----

இராமநாதபுரம்
18-2-57

ராமலெட்சுமி,

உன் கடிதம் கிடைத்தது. கஷாயம் கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசியை மட்டும் நிறுத்தாதே. ஏன் என்று எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றும் தனி உயிர் மாதிரி. அதற்கும் இரை வேண்டும். சோறு வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. உயிரணு அதை எரித்துத்தான் சூடும் பலமும் பெறுகிறது. ஆனால் சர்க்கரை பக்கத்தில் வந்து நின்றாலும் பெரும்பாலான உயிரணுக்கள் தாமாக அள்ளிக்கொள்வதில்லை. வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்ற ஒரு பொருளை ரத்தத்தில் அனுப்பும். 'இரை வந்திருக்கிறது, எடுத்துக்கொள்' என்று உயிரணுவுக்கு அதுதான் சொல்ல வேண்டும். அது வந்து தொட்டால்தான் உள்ளே வழி திறக்கும்.

மங்களாவின் கணையம் அதை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ரத்தம் முழுக்கச் சர்க்கரை இருக்கிறது, உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. அதனால்தான் தின்னத் தின்ன இளைத்தாள். இப்படியே விட்டால் உடம்பு தன் கொழுப்பையே உருக்கி எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து அமிலம் வந்து ரத்தத்தில் சேரும். அது மிஞ்சினால் நினைவு தப்பும், உயிரே போய்விடும். ஊசி அவள் நோய்க்கு மருந்து மட்டுமில்லை, அவள் உடம்பு அனுப்பத் தவறியதை நாம் அனுப்புகிறோம்.

இதை மாமாவுக்கும் படித்துக் காட்டு.

மருதுபாண்டி

----

கமுதி
22-2-57

அத்தானுக்கு,

அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். "வாத்தியாருக்கு எல்லாரும் பெஞ்சில உக்காந்திருக்கிற பயலுகதான். அந்த ஆளு இந்த வாசல மிதிக்கக் கூடாது" என்றார். அவர் முன்னால் நான் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை முதல் ஊசி நிறுத்தியிருக்கிறது. கம்பவுண்டரை அய்யா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானும் தடுக்கவில்லை. அவள் அழாமல் விடிந்த காலையைப் பார்த்து எனக்கே நிம்மதியாக இருந்தது.

இரண்டு நாள் என் மடியில் தலைவைத்துக் கதை பேசினாள். நேற்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் கேட்கிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள். இன்று காலையில் வாந்தி. கஷாயம் பித்தத்தைக் கிளப்புவதாக வைத்தியர் சொல்கிறார். அவள் மூச்சில் கனிந்த பழம் மாதிரி ஒரு வாசனை வருகிறது. அம்மா அது ஆத்தாளின் அருள் என்று உத்தரகோசமங்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஏனோ அந்த வாசனை பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ராமலெட்சுமி

----

(கையில் கொடுத்தனுப்பியது)
கமுதி, ஊர்க் கண்மாய்க்கரை
24-2-57, ஞாயிறு

ராமலெட்சுமி,

கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. பக்கத்து வீட்டுச் சதக் அண்ணனின் காரில் வந்து கண்மாய்க்கரையில் நிற்கிறேன். இதைக் கொண்டுவருவது அவர்தான்.

அந்த வாசனை, நான் எழுதிய அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிட்டதன் அடையாளம். நேரமில்லை.

வீட்டுக்குள் நான் வந்தால் மாமாவோடு சண்டையாகும், அதில் பொழுது போய்விடும். அதனால் இங்கேயே நிற்கிறேன். நீ அவளைத் தூக்கிக்கொண்டு வா. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். காரில் அவளை நீயே மடியில் வைத்துக்கொள். நான் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன், தொடமாட்டேன். யார் சரி, யார் தப்பு என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

வா, தாயி.

மருது

----

மதுரை
12-3-57

அத்தானுக்கு, ராமலெட்சுமி எழுதுவது.

நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து வராந்தாவில் நின்றுவிட்டுப் போகிறீர்கள். நேரில் பேச வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று உங்கள் சீட்டைப் படித்ததும் அவளைத் தோளில் போட்டேன். அய்யா வாசல் நடையை மறித்துக்கொண்டு, "போனா திரும்பி வராத" என்றார். "சரிங்கய்யா" என்று அவர் கையை விலக்கிவிட்டு வந்தேன். அப்படி ஒரு நாள் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. வழியெல்லாம் அவள் ஓடி இளைத்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். பார்த்திபனூர் தாண்டியபோது கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. நீங்கள் சொன்ன சொல் தவறாமல் முன்னால் பார்த்தபடியே இருந்தீர்கள். உங்கள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கண் விழித்து முதலில் தண்ணீர் கேட்டாள். அடுத்துக் கேட்டது, "அப்பா வந்திருக்காகளா? ஊசி போடுவாகளா?" என்று. இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அவளைக் கட்டிப் போட்டு ஊசி போட்டதும், நான் அவள் அழக்கூடாது என்று ஊசியை நிறுத்தியதும் அவள் ஒருத்தி உடம்பில்தான் நடந்தது.

இங்கே நர்ஸ் பிச்சையம்மாள் எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் என் தொடையிலேயே வெறும் தண்ணீர் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை மங்களா பக்கத்திலிருந்து பார்த்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள். "வலிக்கத்தான் செய்யுது" என்றேன். பிறகு தானே பாவாடையைத் தொடைவரை ஒதுக்கிக் காட்டினாள். அன்றிலிருந்து நான்தான் போடுகிறேன். உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், ஓடுவதில்லை.

உயிரணு, கணையம் எல்லாம் அவளிடம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "அப்ப அதுக்கெல்லாம் பசிக்குமா?" என்று கேட்டாள். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்கும்போது நீங்கள் சொல்லுங்கள். கேட்காதபோது வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கமுதிக்கு இனி வழியில்லை. வழி இருந்தாலும் போகமாட்டேன். இராமநாதபுரத்துக்குத்தான் வருகிறோம். ஊசி என் கையில் இருக்கும். அந்த நேரம் நீங்கள் வெளியே குல்சும் அக்காவோடு பேசிக்கொண்டிருங்கள்.

சாயங்கால ரயிலில் வருவோம், ஸ்டேஷனுக்கு வாருங்கள். அவள் உங்களைப் பார்த்து என் பின்னால் ஒளிந்தால் கூப்பிடாதீர்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்து வாருங்கள். வீடு வந்து சேர்வதற்குள் உங்கள் கையைப் பிடித்தாலும் பிடிப்பாள்.

உங்கள்
ராமலெட்சுமி